அப்பாவின் பைக்கும் என் பாலிமர் ஆயிலும்

ஆராய்ச்சி செய்யும் பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், பெற்றவர்கள் முதல் வேலையாக வண்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் செய்யத் தவறிவிட்டார்கள். (செய்திருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.)

அப்போது நான் சென்னையில் முனைவர் பட்டத்துக்காக எண்ணெயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜின் ஆயிலில் ஒரு பாலிமரைக் கொஞ்சம் கலந்தால், அது இரும்பின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு உராய்வைக் குறைக்கும். ஆய்வகத்தில் ஓர் எஃகுக் குண்டைத் தட்டின் மேல் தேய்த்துத் தேய்த்து, கம்ப்யூட்டரில் கோடு இறங்குவதைப் பார்த்துப் பூரித்துப்போவதுதான் என் வேலை. குண்டையும் தட்டையும் தவிர உலகத்தில் வேறு எதுவும் ஓடுகிறது என்ற நினைப்பே எனக்கு இல்லை.

அந்தமானில், போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் எங்கள் வீடு. கூடப் படித்த சுபீரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சுபீர் வங்காளி, ஊருக்கு வெளியே சௌல்தாரி கிராமத்தில் அவர்களுக்கு வீடும் பாக்குத் தோட்டமும். அம்மா பேசிப் பேசிக் கரைத்ததில் அப்பா ஒருவழியாக இறங்கி வந்தார்.

"போயி வீட்டப் பாக்குறேன். புடிக்கலன்னா அதோட பாத் கதம். அப்புறம் யாரும் இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

அந்தப் பயணத்தில் வண்டி ஒரு சின்ன முனகல்கூட முனகக் கூடாதென்று, முதல் நாள் மாலை அப்பாவின் பைக்கில் பழைய ஆயிலை வடித்துவிட்டு, கப்பலில் கொண்டு வந்திருந்த என் பாலிமர் ஆயிலை ஊற்றினேன். "பட்டு மாதிரி ஓடும்ப்பா" என்றேன். அப்பா செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பட்டு மாதிரிதான் ஓடியது. வழி காட்டப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம், "பரவால்லையே" என்றுகூடச் சொன்னார். (எனக்கு அப்போதே டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது.) சௌல்தாரிக்குள் நுழைந்ததும் ஒரு மேடு வந்தது. அப்பா ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். இன்ஜின் அலறியது. இன்னும் முறுக்கினார். சத்தம் மட்டும் மேடேறிப் போனது. வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பைக்கின் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலுக்குள்தான் கிடக்கின்றன. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதே உராய்வால்தான். அந்தப் பிடியைத்தான் நான் வழுக்கிவிட்டிருந்தேன். என் ஆராய்ச்சி முதல் தடவையாக முழு வெற்றி அடைந்திருந்தது.

"என்னத்தம்மா ஊத்துன?" என்றார் அப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே. அந்தக் குரலில் என் கல்யாணம் முடிந்துபோனது தெரிந்தது.

எங்களைக் காணோமே என்று சுபீரின் அப்பா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். வந்தவர் எதுவும் கேட்காமல் பின்பக்கம் கை கொடுத்துத் தள்ளினார். பாதி மேட்டில்தான், "க்யா ஹுவா, பாய் சாப்?" என்று விசாரித்தார். படலம், கிளட்ச் எல்லாவற்றையும் நான் இந்தியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் பையனும் படித்தவன்தான் என்று அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்கிறேன் என்று சுபீர் கழற்றினானாம். அன்றிலிருந்து வீட்டில் வாளி போட்டுத்தான் இறைக்கிறார்களாம்.

அப்பா தள்ளுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன்பிறகு வீடு வரைக்கும் இருவரும் வண்டியைத் தள்ளியபடி, யார் பிள்ளை அதிகம் கெடுத்தது என்று போட்டி போட்டுக்கொண்டு போனார்கள். ஸ்வீட் பெட்டியோடு நான் பின்னால் நடந்தேன்.

மீன் குழம்பும் சோறும் முடிந்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது அப்பா என்னிடம் சொன்னார்: "வீட்டையெல்லாம் நான் சரியாப் பாக்கல. மனுசன் நல்லாத் தள்ளுறாரு. முடிச்சிரலாம்."

இப்போதெல்லாம் எங்களைப் பார்க்க அப்பா பஸ்ஸில்தான் வருகிறார். ஆனாலும் மாமனார் மேட்டடிக்கு இறங்கிப் போய்க் காத்திருப்பார். அப்பா பஸ்ஸைவிட்டு இறங்கியதும், "தக்கா தேனா ஹை?" என்று, தள்ளட்டுமா என்று, முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் கேட்பார். அப்பாவும் ஒவ்வொரு தடவையும் திரும்பி நின்று முதுகைக் காட்டுவார்.