விலையில்லாக் கொத்தனார்

அனுப்புநர்: கி. ரவிச்சந்திரன் (முகவரி பின்குறிப்பில்)
பெறுநர்: திரு. ராகவன் அவர்கள், தலைமையாசிரியர் (ஓய்வு), திருச்சி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் ரவிச்சந்திரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமில்லை. அங்கு தாங்களும் அண்ணியாரும், பதினொரு நாட்களாகத் தங்கள் வீட்டில் இருக்கும் ராஜமும் நலமாக இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன். போன் செய்தால் ராஜம் எடுப்பதில்லை. தாங்கள் எடுத்தால் "ம்" என்ற ஓர் எழுத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் நீலக்கோடு மட்டும் விழுகிறது. ஆகவே இந்தக் கடிதம். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை, எழுதிய தாளை முழுவதும் படிக்காமல் கிழிக்காது என்று நம்புகிறேன்.

முதலில் சத்தியமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சுற்றறிக்கை எழுதி ஓய்வு பெற்று, புதுப்பட்டினத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கும் இந்த அறுபத்து மூன்று வயதுக்காரன், தங்கள் தங்கை நினைக்கும் அர்த்தத்தில், எந்த லாட்ஜிலும் ஒரு நாள்கூடத் தங்கியவன் அல்ல. நான் எட்டு மாதமாக இரண்டாவது சனிக்கிழமைதோறும் செங்கல்பட்டுக்குப் போய்வந்த லாட்ஜ் வேறு. அதில் கட்டில் கிடையாது. ஃப்ரீமேசன் என்று உலகம் முழுவதும் ஒரு சங்கம் இருக்கிறது, அதன் கிளைக்குப் பெயர் லாட்ஜ். சீமையில் பெரிய கோயில்கள் கட்டிய கொத்தனார்கள் அந்தக் காலத்தில் தங்கியிருந்த கொட்டகைக்கு அந்தப் பெயராம். அவர்களுடைய மட்டத்தையும் தூக்குக்குண்டையும் அடையாளமாக எடுத்துக்கொண்டு, ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல், மனிதனின் ஒழுக்கத்தைக் கட்டி எழுப்புகிறோம் என்று டாக்டர்களும் வக்கீல்களும் டைல்ஸ் கடைக்காரர்களும் கூடுகிறோம். இடுப்பில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் மாண்புமிகு சகோதரரே என்று அழைத்துக்கொள்கிறோம். பிறகு பிரியாணி. இவ்வளவுதான் மச்சான் நடப்பது.

இதில் நான் ஏன் போய்ச் சேர்ந்தேன் என்று தாங்கள் கேட்கலாம். வேலையில் இருந்தவரை ஒரு நாளைக்கு நாற்பது பேர் என் கையெழுத்துக்காக நின்றார்கள். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னைக் கூப்பிட்டவர்கள் கடன் அட்டை விற்கும் பெண்கள் மட்டும்தான். ராஜமும் கூப்பிடுவாள், ஆனால் அது மோட்டார் போட. செங்கல்பட்டில் ஒருவர் எழுந்து நின்று, கையைப் பிடித்து, "வாருங்கள் சகோதரரே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் சேர்ந்தேன்.

சேர்ந்ததும் புதிய உறுப்பினர்கள் படிப்பதற்கு என்று ஐந்து ஆங்கிலப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதைச் சாப்பாட்டு மேசையிலேயே மறந்துவிட்டுப் போக, நான் மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டுப் படித்து வந்து சந்தேகம் கேட்டேன். செயலாளர் தர்மராஜ், டைல்ஸ் கடை வைத்திருப்பவர், என்னைத் தனியாக அழைத்து, "சார், படிக்கிறதுக்கா குடுக்கறோம், வச்சுக்கறதுக்கு" என்றார். ஆனாலும் ஒருவன் படித்துவிட்டான் என்ற செய்தி பரவி, இவனே இதைத் தமிழில் எழுதட்டும் என்று சபையில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை.

மொழிபெயர்ப்பில்தான் மச்சான் எல்லாம் ஆரம்பித்தது. மேசன் என்றால் கொத்தனார், அதில் சிக்கல் இல்லை. ஃப்ரீ என்றால் இலவசம். ஆனால் இலவசம் என்ற சொல் இப்போது மரியாதைக் குறைவு, விலையில்லா மிதிவண்டி, விலையில்லா மிக்சி என்றுதான் எழுத வேண்டும் என்பது சுற்றறிக்கை எழுதிய எனக்குத் தெரியாதா? ஆகவே "விலையில்லாக் கொத்தனார்: முதல் படி வாசிப்புக் கையேடு" என்று தலைப்பிட்டேன். சங்கத்தில் மூன்று படிகள் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவன், கற்றுக்கொண்டவன், கரைகண்டவன். இதற்குத் தமிழில் புதுச்சொல் தேடுவானேன், நம் ஊரில் கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் இருக்கிறதே என்று முறையே சித்தாள், பெரியாள், மேஸ்திரி என்று போட்டேன். லாட்ஜ் என்பதை விடுதி என்று எழுதினேன். தர்மராஜ்தான், "விடுதின்னா காலேஜ் பசங்க ஹாஸ்டல் மாதிரி இருக்கு, லாட்ஜுன்னே இருக்கட்டும் சார்" என்றார். இருந்தது.

சங்கத்து விஷயம் ரகசியம் என்று நான் சத்தியம் செய்து கொடுத்திருந்ததால், வாசிப்புப் புத்தகமும் ரகசியம்தான் என்று முடிவுகட்டி, எழுதிய தாள்களை அரிசி டிரம்மில் வைத்திருந்தேன். நம் வீட்டில் சமைப்பது யார் என்ற கேள்வி அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ராஜம் கையில் ஆழாக்கோடும் என் நான்காம் பக்கத்தோடும் கூடத்துக்கு வந்தாள். அந்தப் பக்கத்தில், சடங்கை விளக்கும் இடத்தில், நான் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது இது: "லாட்ஜுக்கு வரும் சித்தாளின் கண்களைக் கட்டி அழைத்துவர வேண்டும். கழுத்தில் கயிறு இருக்கும். ஒரு காலில் மட்டும் செருப்பு. கதவை மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே நடந்ததை வெளியே சொல்லலாகாது."

தங்கள் தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்திச் சமாளித்திருப்பேன். மெதுவாக, "யாருங்க அந்தச் சித்தாள்?" என்று கேட்டாள். அந்தச் சித்தாள் நான்தான் மச்சான். கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு உள்ளே போனது இந்த ரவிச்சந்திரன்தான். அதைச் சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். ஆனால் சத்தியம் சத்தியம்தானே என்று, "அதை நான் சொல்லக் கூடாது ராஜம், வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றேன். "வாக்கு வேற குடுத்திருக்கீங்களா" என்றாள். மதியம் ஒன்றரைக்கு அவள் செங்கல்பட்டிலிருந்து திருச்சி பஸ் ஏறிவிட்டாள். குக்கரில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

இந்த வேதனையில் நான் கையேட்டை மறந்தே போனேன். அச்சகம் மறக்கவில்லை. புதுப்பட்டினம் கடைத்தெருவில் டிடிபி கடை வைத்திருக்கும் ஜோதிலட்சுமி, நான் அச்சுக்கு இன்னொரு பிரதியைக் கொடுத்த அன்றே, "சார், இது எந்தத் துறை ஸ்கீம்?" என்று கேட்டிருந்தது. நானும் சற்றுப் பெருமையாக, "இது உலகளாவிய திட்டம் அம்மா" என்று சொல்லித் தொலைத்திருந்தேன். அந்தப் பெண் நல்ல மனதோடு அட்டையைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, கீழே "விவரங்களுக்கு ரவிச்சந்திரன் சார்" என்று என் தெருப்பெயரையும் சேர்த்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டது. மறுநாள் காலை என் கேட்டுக்கு வெளியே பதினேழு பேர். எல்லோர் கையிலும் ஆதார் ஜெராக்ஸ். நெம்மேலியிலிருந்து வந்த துர்காதேவி என்ற அம்மாள் ரேஷன் கார்டையும் நீட்டி, "கொத்தனாரு ஃப்ரீன்னா சிமெண்டும் ஃப்ரீயா சார், இல்ல அது நாங்க வாங்கிக்கணுமா? எங்க வூட்டு காம்பவுண்டு பாதில நின்னுகினு கீது" என்றார். ஃப்ரீமேசன் என்பது மனத்தைக் கட்டுவது என்று விளக்கினேன். "மனச அப்புறம் கட்டலாம் சார், மொதல்ல செவுரு" என்றார். மூன்று பேர் எம்.எல்.ஏ. சிபாரிசு வேண்டுமா என்று கேட்டார்கள். ஒருவர் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான் ரசீது எழுதிக் கொடுத்தேன். என்ன செய்வது, பழக்கம்.

இவர்கள் போனபின் வந்தவர் எல்லப்பன். மேஸ்திரி என்றால் நிஜ மேஸ்திரி. கூடவே சித்தாள் எல்லம்மாள், அவருடைய அக்கா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தலையில் சும்மாடு. "இன்னா சார், நீ பாட்டுக்கு ஓசில கொத்தனாரு வுட்டா எங்க பொயப்பு இன்னா ஆவறது?" என்று ஆரம்பித்தார் எல்லப்பன். நான் அச்சாகி வந்திருந்த கையேட்டைக் கொடுத்தேன். அவர் படியில் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அக்காவுக்கு வாய்விட்டுப் படித்தார். எங்கள் சபையில் அறுபது பேரில் ஒருவரும் செய்யாத காரியம். இருபத்து நான்கு அங்குல அளவுகோல் ஒரு நாளைக் குறிக்கும், அதில் எட்டு மணி நேரம் உழைப்புக்கு, எட்டு தெய்வத்துக்கும் துன்பப்படுவோருக்கும், எட்டு ஓய்வுக்கு என்ற இடத்தில் நிறுத்தி, "டீ டைம்ம எதுல சேத்துகீற சார்?" என்று கேட்டார். தர்மராஜுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லப்பன் முதலில் படித்தது முன்னுரை. அதைத் தர்மராஜ் தானே எழுதி நேராக அச்சகத்துக்கு அனுப்பியிருந்தார், நான் பார்க்கவில்லை. "இந்தக் கையேட்டில் ரகசியம் எதுவும் இல்லை. உறுப்பினர்கள் இதை மனைவி மக்களோடு சேர்ந்து படிக்கலாம்" என்று இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஐந்து ஆங்கிலப் புத்தகங்களிலும் அதே வரி, முதல் பக்கத்தில். எந்தப் புத்தகத்துக்கும் முன்னுரை படிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஒரே ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் ராஜம் இப்போது இங்கே இருந்திருப்பாள். எல்லம்மாள் என்னைப் பார்த்து, "பொண்டாட்டி கைல குட்துட்டு படிச்சிருந்தா இன்னா சார் பேஜாரு?" என்றார்.

அந்த நேரத்தில் எல்லப்பன் எழுந்துவிட்டார். "தூக்குக்குண்டு நேர்மைக்குன்னு போட்டுகீற. வா, உன் வூட்டு நேர்மய பாப்போம்" என்று பையிலிருந்து குண்டை எடுத்து, வரிசையாகச் சுவர்களில் தொங்கவிட்டுக்கொண்டே போனார். குளியலறைச் சுவர் இரண்டு அங்குலம் சாய்ந்திருந்தது. பரவாயில்லை, முப்பது வருடமாக அப்படியேதான் நிற்கிறது என்றேன். "சகோதரன் வூட்டு செவுரு சாஞ்சிகினு இருக்க சொல்லோ பாத்துகினு போனா, இந்த புக்கு எதுக்கு சார்? கூலி ஒண்ணும் வாணாம். நான்தான் விலையில்லாக் கொத்தனாரு" என்றார். நான் தடுப்பதற்குள் எல்லம்மாள் சம்மட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். மாலை ஐந்துக்குள் குளியலறை தரைமட்டம், தண்ணீர்க் குழாய் இரண்டு துண்டு. "நாளைக்கு காலீல வந்து கட்டிடறேன் சார்" என்று போனார்கள். அது போன செவ்வாய்க்கிழமை. மாமல்லபுரத்தில் அவசர வேலை வந்துவிட்டதாம். மேஸ்திரி என்று நான் மொழிபெயர்த்தது எவ்வளவு பொருத்தம் என்பது அப்போது விளங்கியது.

ஆகவே மைத்துனர் அவர்களே, என் குற்றம் இதுதான். கட்டியவளிடம் மறைக்கத் தேவையில்லாததை எட்டு மாதம் மறைத்தேன். முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் மறைத்தது, சர்க்கரை அளவு கூடிவிட்ட ஒரே ஒரு ரிப்போர்ட், அதுவும் நான் பயப்படுவேன் என்று. அவள் இல்லாத வீட்டில் நான் யாருக்கு மோட்டார் போடுவது? அடுத்த மாதம் சங்கத்தில் குடும்ப விருந்து. ராஜம் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வெள்ளைத் துணியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் ராஜினாமா எழுதத் தயார். தாங்கள் அவளை எதிரில் உட்காரவைத்து இதை உரக்கப் படித்துக் காட்டி, தாங்களே கையோடு அழைத்துவந்து விடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். லாட்ஜ் என்ற சொல்லால் உண்டான சந்தேகம் ஒரு துளிகூட அவள் மனதில் மிச்சம் இருக்கக் கூடாது.

அண்ணியாருக்கு என் வணக்கம். பேரக் குழந்தைகளுக்கு நீண்ட ஆயுளும் முன்னுரை படிக்கும் நல்ல பழக்கமும் வாய்க்க ஆசிகள்.

தங்கள் அன்பு மறவாத,
ரவிச்சந்திரன்

பி.கு.: வீட்டில் குளியலறையும் தண்ணீரும் இல்லாததால், புதன்கிழமை முதல் நான் மாமல்லபுரத்தில் கடலரசி லாட்ஜ், அறை எண் 7இல் தங்கியிருக்கிறேன். எல்லப்பனின் அவசர வேலை இங்கேதான் நடக்கிறது, அவரே சொல்லி அறை வாங்கிக் கொடுத்தார், நான் கண்முன்னால் இருந்தால் அவருக்கு என் சுவர் ஞாபகம் வரும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். ராஜத்தோடு வரும்போது நேராக இங்கேயே வந்துவிடவும். அழைப்புமணி வேலை செய்யவில்லை, கதவை மூன்று முறை தட்டவும். நான் இல்லாவிட்டால் அறைச் சாவி சித்தாளிடம் இருக்கும்.