பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு முதலுதவி

ஆம்புலன்ஸில் வேலை என்று சொன்னால் எங்கள் மாவட்டத்தில் அடுத்து வரும் கேள்வி, "டிரைவரா?" இல்லை என்றால், "அப்ப ஸ்ட்ரெச்சர் தூக்குறவரா?" அதுவும் இல்லை என்றால் கேட்டவருக்கு நம் மேலேயே சந்தேகம் வந்துவிடும். வண்டி ஓட்டுபவரை நாங்கள் பைலட் என்போம். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து மூச்சு, நாடி, ரத்தம், பிரசவம் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி வாசல் வரை பார்த்துக்கொள்கிறவர் இ.எம்.டி. தமிழில், அவசரகால மருத்துவ நுட்புநர். (இந்தப் பெயரை என் அம்மா இன்றுவரை ஒரே மூச்சில் சொல்லி முடித்ததில்லை.)

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் வண்டி. உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாக ஒரு நினைப்பு. பஸ்ஸில் யாராவது கண்ணை மூடினால் நாடி பிடிக்கக் கை துறுதுறுக்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இவருக்கு சுகர், அவருக்கு பிரஷர் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லி அவர் சாப்பாட்டையும் கெடுப்பேன். இவனுக்குச் சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால்தான் சரிப்படுவான் என்று அம்மா முடிவெடுத்தார்.

அறந்தாங்கியில் வரன் வந்தது. பெண் பெயர் ஜெசிந்தா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா இல்லாத பெண். வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா சவரிமுத்து. அவர் சரி என்றால் சரி. ஆவூரிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் வாடகைக் காரில் போய் இறங்கினோம்.

பெரியப்பா நல்ல ஆகிருதி. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி வெளியில் தெரியவில்லை. பக்கத்தில் ஜெசிந்தாவின் அண்ணன் அந்தோணி, குவைத்திலிருந்து லீவில் வந்தவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுறீங்களோ?" என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

"இல்லங்க, நான் இ.எம்.டி."

"அப்ப ஓட்டத் தெரியாது?"

"தெரியாதுங்க."

"ஓட்டத் தெரிஞ்சா நானே அங்கிட்டு ஒரு விசாவுக்குச் சொல்லியிருப்பேன்" என்றார் அந்தோணி, வருத்தத்தோடு.

அந்த வருத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. என் வேலை என்ன என்று பிரசங்கம் தொடங்கினேன். மாரடைப்பு, பாம்புக்கடி, பக்கவாதம் என்று போய்க்கொண்டே இருந்தது. அப்பா என் காலை மிதித்தார். ஜெசிந்தா காபியைக் கொடுத்துவிட்டு, காலித் தட்டோடு பிரசங்கத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா ஒரு வாழைக்காய் பஜ்ஜியை முழுதாக வாயில் போட்டுக்கொண்டே, "சரி தம்பி, ஒங்க சொந்தத்துல..." என்றார். அதோடு நின்றுவிட்டார்.

எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பெரிய மனிதர் யோசித்துப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். தொண்டையில் அடைத்தால் ஆள் இருமித் தீர்ப்பார் என்றுதான் ஊரில் எண்ணம். இருமுகிறவருக்கு ஓரளவு காற்று போகிறது. முழுதாக அடைத்தவரிடமிருந்து சத்தமே வராது. பெரியப்பாவின் கை மெல்லக் கழுத்துக்குப் போனது. கண் விரிந்தது.

இந்த நிலையில் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பேச வேண்டும். "அடைச்சிருக்கா? நான் ஒதவுறேன்" என்று அவரிடம் சொல்ல வேண்டும், சுற்றி இருப்பவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அதுவரை வாய் மூடாமல் பேசிய நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் டீப்பாயைத் தாண்டிக் குதித்தேன்.

காபி டம்ளர்கள் அம்மாவின் பட்டுப்புடவையில் கவிழ்ந்தன. பெரியப்பாவைத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். பஜ்ஜி அசையவில்லை. பின்னாலிருந்து இரண்டு கையாலும் வளைத்தேன். பயிற்சி கொடுத்த ரப்பர் பொம்மை ஒல்லி. இவரைச் சுற்றி என் கைகள் சந்தித்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஒரு அழுத்து. வரவில்லை.

"டேய்! பெரியப்பாவ விடுறா!" என்று பாய்ந்த அந்தோணி என் வாயில் ஒன்று வைத்தார். உதடு கிழிந்தது. என்னை இழுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அம்மா, "மாதாவே, எம்புள்ளைக்குப் புத்தி பெரண்டுருச்சே!" என்று அழ ஆரம்பித்தார். அப்போதும் தமிழ் வரவில்லை எனக்கு. மூச்சுப்பாதை என்பதற்கு "ஏர்வே! ஏர்வே!" என்று கத்தினேன். (ஏதோ விமானக் கம்பெனியின் பெயரைச் சொல்லி மிரட்டுவதாக நினைத்தேன் என்று அந்தோணி பிற்பாடு சொன்னார்.)

ஜெசிந்தாதான் குரல் கொடுத்தாள். "அண்ணே, கைய எடு! பெரியப்பா மொகத்தப் பாரு!"

முகம் நீலம் பாரித்திருந்தது. அந்தோணியின் பிடி தளர்ந்தது. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினேன். பஜ்ஜி வெளியே பறந்து ஜெசிந்தாவின் தட்டில் விழுந்தது. பெரியப்பா நீளமாக, கரகரவென்று ஒரு மூச்சை இழுத்தார். அந்தச் சத்தத்தோடு அவர் பாரம் முழுவதும் என் மேல் இறங்கியது. இருவரும் நாற்காலியோடு சாய்ந்தோம். நாற்காலி உடைந்தது. நான் அடியில்.

எழுந்து உட்கார்ந்ததும் பெரியப்பா சொன்ன முதல் வார்த்தை, "வெலாவ ஒடச்சுப்புட்டான்."

இப்படி அழுத்திய பிறகு வயிற்றுக்குள் அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அதனால் பெண் பார்க்கப் போன வீட்டுக்கு நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்து இறங்கியவள் என்னோடு பயிற்சி எடுத்த சித்ரா. என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து, "பேஷண்ட் நீயா?" என்றாள்.

"இல்ல, அவரு."

"அவர என்ன பண்ணித் தொலைச்ச?"

அதற்குள் தெரு கூடிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் அடிதடி என்று பேச்சு. வண்டியில் பெரியப்பாவைப் படுக்கவைத்து சித்ரா ஆக்சிஜன் மாட்டினாள். துணைக்கு ஜெசிந்தா ஏறினாள். உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசும் சடங்கு எங்களுக்கு அங்கேதான் நடந்தது, நடுவில் பெரியப்பா படுத்திருக்க.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ஜெசிந்தா.

"மறந்துட்டேங்க."

"அதுக்கு முன்னாடி அம்புட்டு நேரம் பேசுனீங்களே."

உதட்டுப் பஞ்சைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அவளே, "பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. இதுக்கு முன்னாடி பொம்மையில மட்டுந்தான் செஞ்சிருக்கேன்."

பெரியப்பா மாஸ்க்கை விலக்கினார். "என்னது, பொம்மையிலயா?"

சித்ரா மாஸ்க்கைத் திரும்ப மாட்டினாள். அடுத்த வளைவில் மறுபடியும் விலக்கினார். "டிரைவர் தம்பி குலுங்காம ஓட்டுறாரு. கல்யாணம் ஆயிருச்சா அவருக்கு?"

விலா எலும்பில் ஒரு விரிசல், உள்ளே ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றும் சொன்னார். எங்கள் வாடகைக் காரில் அப்பா, அம்மாவோடு பின்னால் வந்திருந்த அந்தோணியும் அதைக் கேட்டார். கடைக்குப் போய் எலுமிச்சை ஜூஸ் வாங்கிவந்து கையில் கொடுத்தார். கிழிந்த உதட்டோடு அதைக் குடித்து முடித்தேன்.

ஊர் திரும்பும் வழியெல்லாம், இந்த ஜில்லாவில் இனி இவனுக்குப் பெண் கிடைக்காது என்றார் அம்மா. ஆனால் சம்மதம் சொல்லிப் போன் வந்தது. பேசியவர் பெரியப்பா. "புள்ள ஒங்களத்தான் கட்டுவேங்குது. என்னத்தச் சொல்ல?" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு ஜெசிந்தாவிடம் காரணம் கேட்டேன். "அத்தன பேரு இருந்தோம். அவருக்கு மூச்சு நின்னத நீங்க மட்டுந்தான் கவனிச்சீங்க" என்றாள். உடனே, "அதுக்காக ரொம்பப் பெருமப்பட வேணாம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இப்போது எந்த விசேஷமானாலும் பெரியப்பா என்னைப் பக்கத்து இலையில் உட்காரவைப்பார். புதிதாக ஒரு சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்தால் போதும்.

"எல்லாரும் பொண்ணக் கட்டுனதுக்கப்பறம் பொண்ணக் கட்டிப் புடிப்பாங்க. எங்க மாப்பிள்ள பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே என்னயக் கட்டிப் புடிச்சாரு!"

பந்தியே சிரிக்கும். அவர் இதைச் சொல்வது எப்போதும் வாய் நிறையச் சோற்றோடுதான். அதனால் அவர் விழுங்கி முடிக்கும்வரை நானும் ஜெசிந்தாவும் மட்டும் சிரிப்பதில்லை.