தராசக்காவின் படிக்கல்

கொழும்புத்துறைக் கடற்கரையில் தராசக்காவின் தராசில் ஏறாமல் தப்பிய உயிர் எதுவும் கிடையாது. நண்டும் இறாலும் கணவாயும் ஏறும். அவற்றை நிறுப்பதுதான் அவருடைய வேலை. ஆனால் எங்கள் நண்டுக் கொம்பனி வாசலில் படுத்துக் கிடந்த நாயும் ஏறியிருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த வான்காரரும் ஏறியிருக்கிறார். தராசக்கா தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களின் வாழைக்குலையை நிறுத்துப் பார்த்த பிறகுதான் அவர்களை இருக்கச் சொன்னார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையா என்று அவரிடமே கேட்டேன்.

"பச்சைப் பொய். இருக்கச் சொல்லிப்போட்டுத்தான் நிறுத்தனான்" என்றார்.

அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ஒருநாள் அந்தப் பெயருக்குக் கொம்பனி விலாசத்தில் கடிதம் வந்தது. அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று வாசல் காவலாளி திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது தராசக்கா அவருக்குப் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாராம்.

ஐம்பத்தாறு வயது, ஒட்டடைக் கம்பு போன்ற உடம்பு, காதில் செருகிய பென்சில். தலை பாரமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் "எத்தினை கிலோ?" என்பார். மனம் பாரமாக இருக்கிறது என்றாலும் அதே கேள்விதான். "நிறுக்காமல் கதைக்காதை" என்பது அவருடைய வேதம். அதற்கு மேல் வேதம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

நான் அங்கே பெட்டி தூக்கினேன். இப்போது பேனா தூக்குகிறேன் என்பதால் பிறவியிலேயே மேசையில் இருந்தவள் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. ஐஸ் போட்ட நண்டுப் பெட்டியை வாசலிலிருந்து தராசுக்கும், தராசிலிருந்து அவிக்கும் மண்டபத்துக்கும் தூக்க வேண்டும். தரை எப்போதும் ஈரம். இருக்க ஒரு முக்காலிகூடக் கிடையாது. இருந்தால் வேலை ஓடாது என்பது கொம்பனியின் கண்டுபிடிப்பு.

இதைவிட எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. தராசைச் சரிபார்க்க வைத்திருந்த முத்திரைப் படிக்கற்கள் எப்போதோ காணாமல் போயிருந்தன. புதிது வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தராசக்கா, மண்டபத்துப் பெண்கள் எல்லோரையும் வரிசையாக ஏற்றி இறக்கி, கடைசியில் என்னைத் தெரிவு செய்தார். மூன்று வருடமாக நான் நாற்பத்தெட்டுக் கிலோ. பொங்கலுக்கும் அசையவில்லை, காய்ச்சலுக்கும் அசையவில்லை, என் கலியாணத்துக்கும் அசையவில்லை. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக "ஏறடி பிள்ளை" என்பார். முள் நாற்பத்தெட்டில் நின்றால் தராசு சரி. நிற்காவிட்டால் திருகாணியைத் திருகி நாற்பத்தெட்டுக்குக் கொண்டுவருவார். அப்படியாக, அந்தக் கடற்கரையில் பிடிபட்ட நண்டு அத்தனைக்கும் நானே படிக்கல்.

அந்த வருடம் மாரியில் முள் மெதுவாக நாற்பத்தொன்பதுக்கு ஏறியது. "ஈரத்துக்குத் தராசு பிழைக்குது" என்று திருகினார். பிறகு திரும்பவும் நாற்பத்தொன்பதுக்கு ஏறியது. "கறள் பிடிச்சிட்டுது போலை" என்று எண்ணெய் விட்டு, மறுபடியும் திருகினார். நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு கிழமை கழித்துக் கரையில் சண்டை தொடங்கியது. பெட்டிக்குப் பெட்டி நண்டு குறைகிறது என்றார்கள் கடலுக்குப் போகிறவர்கள். தராசக்கா மீது அதுவரை எவரும் விரல் நீட்டியதில்லை. படகுகளின் சொந்தக்காரரான சம்மாட்டியார் ஒருநாள் காலையில் வாய் பிரிக்காத இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் சுமந்துவந்து தராசில் போட்டார். முள் இருபத்துநாலில் நின்றது.

"இப்ப என்ன சொல்லுறியள்?" என்றார்.

தராசக்கா அரிசி மூட்டையைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். மூட்டையின் வாயைப் பார்த்த அதே கண்ணால் என் இடுப்பைப் பார்த்தார்.

"சம்மாட்டியார், பிழை என்ரைதான். ரெண்டு கிழமைக் கணக்கையும் திருத்தித் தாறன். தராசு நல்ல தராசு. படிக்கல்லுத்தான் ஏறிப்போச்சு."

பிறகு என் கையைப் பிடித்து ஐஸ் அறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மாசம் எத்தினை?"

"என்ன அக்கா?"

"அரிசி பொய் சொல்லாது. மாசம் எத்தினை?"

"நாலு முடியுது."

"நாலு மாசமா உந்தப் பெட்டியளைத் தூக்கிக்கொண்டோ திரிஞ்சனி?"

"சொன்னால் நிப்பாட்டிப் போடுவினம் அக்கா. மழைக்கு அவருக்கு மேசன் வேலையும் இல்லை. என்ரை சம்பளத்திலைதான் அடுப்பெரியுது. மாமியும் சொன்னவ, இப்ப வெளியிலை சொன்னால் நாவூறு படும் எண்டு."

"உன்ரை மாமியின்ரை நாவூறு எத்தினை கிலோ?"

நான் சொன்னது பொய்யல்ல. எங்கள் மண்டபத்தில் நாற்பது பெண்கள். கொம்பனிப் பதிவேட்டின்படி அங்கே அதுவரை ஒருத்தியும் கர்ப்பமானதில்லை. சந்தேகம் வந்தவுடன் எல்லோருக்கும் திடீரென்று வீட்டில் வேலை கூடிவிடும், தாங்களாகவே நின்றுவிடுவார்கள். நானும் கிளினிக்கில் தந்த கர்ப்பிணி அட்டையை அரிசிப் பேணிக்குள் ஒளித்துவைத்து, சத்துமாவைக் கள்ளமாகத் தின்று, இரண்டு சட்டை போட்டு மறைத்துக்கொண்டு திரிந்தேன். கொம்பனிக்குத் தெரியாதவரை சட்டம் எனக்கு ஒரு உதவியும் செய்யாது என்று எனக்குத் தெரியாது. மறைப்பதுதான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

தராசக்கா காதிலிருந்த பென்சிலை எடுத்தார், திரும்பச் செருகினார்.

"ரெண்டாவதைச் சுமக்கேக்கை நானும் கரையிலை மீன்பெட்டி தூக்கினனான். ஆறாம் மாசம் கலைஞ்சு போட்டுது. பாரத்தாலைதான் போச்சோ, விதியாலை போச்சோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது பிள்ளை. அப்ப ஒருத்தரும் நிறுக்கேல்லை."

நான் அழுதேன். "அழுறதைப் பிறகு அழு. கடிதம் எழுது. ரெண்டு எழுது. ஒண்டைக் குடு, மற்றதிலை கிடைச்சதெண்டு கையெழுத்து வாங்கு" என்றார்.

மனேச்சர் உடுவிலிலிருந்து மடிப்புக் கலையாத சேட்டோடு வருபவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். கடிதத்தை வாசித்ததும் நான் ஏதோ தொற்று வியாதியை அறிவித்ததுபோல் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"இது பாரவேலை தங்கச்சி. ஏதும் நடந்தால் கொம்பனிக்குத்தான் பேச்சு. மாசக் கடைசியோடை வீட்டை நில்லுங்கோ. பிள்ளை பிறந்த பிறகு இடமிருந்தால் பாப்பம்."

வாசலில் நின்ற தராசக்கா உள்ளே வந்தார். "தம்பி, உதை எழுதித் தாங்கோ."

"ஏன் அக்கா எழுத்து?"

"எத்தினை கிலோ எண்டு பாக்க."

மனேச்சர் எழுதவில்லை. சொன்னதை வாபஸ் வாங்கவும் இல்லை. மாசம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

அந்த நாட்களில் தராசக்கா செய்ததை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. முதலில் லீவு போட்டுவிட்டுத் தாய்மார் கிளினிக்குக்குப் போனார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்ற பெட்டைகளின் வரிசையில் இந்த ஐம்பத்தாறு வயது ஒட்டடைக் கம்பும் குடையோடு நின்றது. மத்தியானத்துக்குள் செய்தி கரை முழுக்கப் பரவிவிட்டது. பின்னேரம் சம்மாட்டியாரே வந்து, "என்ன அக்கா, கேள்விப்பட்டன், மெய்யே?" என்றார்.

"ஓம். இன்னும் நிறுத்துப் பாக்கேல்லை" என்றார் தராசக்கா.

மருத்துவிச்சியிடம் கேட்டு எழுதிய கொப்பியோடு அடுத்த நாள், தொழிலாளர் சட்டத்தைப் பார்க்கும் அரசாங்க அலுவலகமான தொழில் கந்தோருக்குப் போனார். அதற்கடுத்த நாள் முதல் நான் தூக்கவேண்டிய பெட்டி ஒவ்வொன்றையும் நிறுத்து, கதவின் பின்பக்கத்தில் சோக்கட்டியால் எழுதினார். பெட்டிகளை என்னைத் தூக்க விடவில்லை. மற்றப் பெண்கள் ஆளுக்கு இரண்டாக, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

எட்டாம் நாள் காலையில் மனேச்சர் மண்டபத்துக்கு வந்தார்.

"தம்பி, ஒருக்கால் ஏறுங்கோ. தராசு பாக்கவேணும், என்ரை படிக்கல்லு லீவு" என்றார் தராசக்கா.

நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றால் மனிதன் என்ன செய்வான்? ஏறினார். எழுபத்தெட்டு.

"ஒரு பெட்டி இருவத்திரண்டு கிலோ. நாளுக்கு அம்பது பெட்டி. ஆயிரத்து நூறு கிலோ. இந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு உங்களைப் பதினாலு தரம் தூக்குது தம்பி. மிச்சம் எட்டுக் கிலோவுக்கு உங்கடை கதிரையையும் தூக்குது."

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மனேச்சரின் முகமும் கோணியது, அவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இறங்கப் பார்த்தார்.

"இறங்காதேங்கோ, இன்னும் முடியேல்லை" என்றார் தராசக்கா. குரலில் பகிடி இல்லை. "பிள்ளைத்தாச்சி எண்டதுக்காக வேலையாலை நிப்பாட்டேலாது. கேடு வாற வேலை குடுக்கவும் ஏலாது. எண்பத்திநாலு நாள் லீவு, சம்பளத்தோடை. திரும்பி வந்தால் வேலை இருக்கவேணும், பால் குடுக்க நேரம் விடவேணும். பெட்டி தூக்க ஏலாதெண்டால் லேபிள் ஒட்டட்டும், கதிரையிலை இருந்து. இண்டைக்கு நீங்கள் ஓமெண்டு எழுதித் தாறியள். இல்லாட்டி நாளைக்கு நான் உந்தக் கதவைக் கழட்டிக்கொண்டு தொழில் கந்தோருக்குப் போறன்."

கதவைக் கழற்றுவார் என்று எல்லோருக்கும் தெரியும். திருகாணி திருகும் சாவி அவர் இடுப்பில் செருகியபடி இருந்தது. நான் மனேச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாயிலிருந்து வரப்போகும் சொல்லில்தான் என் வீட்டு அடுப்பும் என் வயிற்றுப் பிள்ளையும் இருந்தன.

"லேபிள் ஒட்டத் தெரியுமோ?" என்று என்னைக் கேட்டார்.

தராசிலிருந்து இறங்கமுன் கையெழுத்து வாங்கினார் தராசக்கா. பத்து மணிக்குக் கதிரை வந்தது. அந்த மண்டபத்தின் முதல் கதிரை. அதில் இருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "இரு. இருந்தால் வேலை ஓடுதோ எண்டு பாப்பம்" என்றார். ஓடியது.

மகள் பிறந்தாள். லீவு முடிந்து நான் திரும்பிப் போன முதல் நாள், ஏழு நிமிடம் பிந்திவிட்டேன் என்று தராசக்கா என்னைக் கண்டபடி ஏசினார். பிள்ளை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தரைக்கு மண்டபம் அதிரக் கத்தினார்: "எடியே, பால் குடுக்கிற நேரம்! வாசலிலை மாமி பிள்ளையோடை நிக்கிறா, போ!" ஐஸ் இறக்கிக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. போனேன். காவலாளியின் அறையில் இருந்து பால் கொடுத்தேன். காவலாளி வெளியே மழையில் நின்றார்.

அடுத்த மாதம் ஒரு புதுப் பெட்டை, வேலைக்கு வந்து வருடம்கூட ஆகாதவள், எல்லோருக்கும் முன்னால் நடந்துபோய் மனேச்சரின் மேசையில் இரண்டு கடிதம் வைத்தாள். அவளுக்கு வயிற்றில் மூன்றாம் மாதம்தான். மறைக்கவில்லை, அழவில்லை. "மற்றதிலை கையெழுத்து வையுங்கோ சேர்" என்றாள். மனேச்சர் வைத்தார். நான் தராசக்காவைப் பார்த்தேன். அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

பொல்லாத மனுசி. அப்படி ஒரு பொல்லாத மனுசி என் மகள் வேலைக்குப் போகும் இடத்திலும் இருக்க வேண்டும் என்று நல்லூரானுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன்.