சிரிப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள ஒட்டுறவு

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று லிங்கராஜ் முடிவு கட்டிவிட்டார். கோவில்பட்டியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறவர். ஒன்று கூடும்போது இன்னொன்றும் கூடவே கூடினால் அதற்கு நேரிடை ஒட்டுறவு என்று பேர். இதை வருஷம் முழுக்கத் தொண்டை கிழியச் சொல்கிறவருக்கு, தன் வாசலிலேயே ஒரு ஒட்டுறவு நடப்பது தெரியாமல் போகுமா?

குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள்தான். தெருவுக்கான வால்வு இவர் வீட்டு வாசலில் இருக்கிறது. அதைத் திறந்துவிட வரும் செல்லத்துரை, மூடும்வரை அங்கேயே நிற்பார். லிங்கராஜின் மனைவி முத்துச்செல்வி அவரோடு பேசுவாள். பேச்சு நீள நீளச் சிரிப்பும் கூடியது. இப்போதெல்லாம் தண்ணீர் வரும் நாளில் தலையில் பிச்சிப்பூ வேறு. லிங்கராஜுக்கு வயிறு பற்றி எரிந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் போனால் ஆபத்து என்கிற அளவுக்கு எரிந்தது.

"ஏட்டி, அவன்கிட்ட என்ன அப்படி இளிப்பு?"

"தண்ணி திறக்க வந்தவியகிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நிக்க முடியும்?"

"எங்கிட்ட என்னைக்காவது அப்படிச் சிரிச்சிருக்கியா?"

"நீங்க என்னைக்காவது சிரிக்கிற மாதிரி பேசியிருக்கீங்களா?"

"இனிமே தண்ணி வாரப்போ நீ வாசப்படி தாண்டக் கூடாது. நான் நிக்கேன்."

"சரி, நில்லுங்க."

இவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டாளே என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் விறைப்பாகப் போய் நின்றார். செல்லத்துரை வாயைத் திறந்தால் இவர் வானத்தைப் பார்த்தார். பேச்சுத்துணை இல்லாத மனுஷன் சட்டென்று வால்வை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வீடு அரைக்குடம். அந்த வாரம் முழுக்கப் போர்த்தண்ணீர்தான். காபிகூட உப்புக் கரித்தது. தெருவே திரண்டு வந்து லிங்கராஜைத் திட்டியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேச்சு கூடினால் தண்ணீர் கூடுகிறது. இதில் காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

அதற்கடுத்த முறை அவரே ஆரம்பித்தார். "முகம் வாடியிருக்கே, உடம்புக்கு என்ன செல்லத்துரை?"

"அத ஏன் கேக்குதீங்க அண்ணாச்சி! இந்த இடது முட்டு இருக்கே..."

முட்டுவலியில் தொடங்கிய பேச்சு கயத்தாறு வைத்தியருக்குப் போனது. அவர் கொடுத்த எண்ணெய்க்குப் போனது. எண்ணெய் வாடைக்கு விரட்டிய நாய்க்கும் போனது. தண்ணீரும் போய்க்கொண்டே இருந்தது.

இடையில், அடுக்களை ஜன்னல் வழியாக முத்துச்செல்வியின் குரல் வந்தது. பக்கத்து வீட்டு ராதாமணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த முட்டுக் கதைய இத்தன வருசமா நான்தானக்கா கேட்டேன். இவியள நிக்கச் சொன்னா நிப்பாவளா? அதான் பூவ வச்சுக்கிட்டுக் கொஞ்சம் சத்தமாச் சிரிச்சேன். இப்பப் பாருங்க, உக்காந்து காபி குடிக்கேன்."

லிங்கராஜ் மீசை துடிக்க உள்ளே பாய்ந்தார்.

"எல்லாத்தையும் கேட்டுட்டேன்டி!"

"கேட்டுட்டீங்களா? தொட்டி இன்னும் பாதிதான் நிறைஞ்சிருக்கு. அங்கன அவிய வால்வு சாவியக் கையில எடுத்துட்டாவ பாருங்க."

லிங்கராஜ் வந்த வேகத்தில் திரும்பி ஓடினார்.

"செல்லத்துரை, என்ன அவசரம்? அந்த வலது முட்டு எப்படி இருக்கு?"