இரட்டையரை வைத்து நடத்திய பாடம்

இரட்டைக் குழந்தைகளைப் பார்த்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

மரக்காணத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தலைமையாசிரியை என் வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அவருக்குப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம், குணம் பிறப்பால் வருகிறதா, வளர்ப்பால் வருகிறதா என்பது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. (இட்லி இறங்கியது.)

அப்போதுதான் கலையும் செல்வியும் நினைவுக்கு வந்தார்கள். ஒரே உயரம், ஒரே சிரிப்பு, ஒரே பெஞ்ச். "ரெட்டப் பொறவி மாதிரி டீச்சர்" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பதற்றத்தில் அந்த 'மாதிரி' என் காதில் விழவில்லை. கலையின் பெற்றோருக்கு உப்பளத்தில் வேலை. செல்வி பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அத்தை வீட்டில் வளர்கிறாள் போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டினேன்.

தலைமையாசிரியை நோட்டோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். என் கையில் சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. இருவரையும் முன்னால் நிறுத்தினேன்.

"ஒரே வயித்துல பொறந்தவங்க. வேற வேற வீட்ல வளர்றாங்க. ஆனா அந்த மூக்கப் பாருங்க. சிரிப்பப் பாருங்க. எல்லாம் ரத்தத்துல வர்றது."

வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். என் பாடத்தில் சொக்கிப்போனார்கள் என்று நினைத்து, அந்த மூக்கைப் பற்றியே பத்து நிமிடம் பேசினேன்.

செல்வி மெதுவாகக் கை தூக்கினாள். "டீச்சர், நாங்க ட்வின்ஸ் இல்ல."

"சரி, அக்கா தங்கச்சிதான?"

"சொந்தமே இல்ல டீச்சர். ஃப்ரெண்ட்ஸு."

சாக்பீஸைக் கீழே வைத்தேன். "மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க நல்லா நடத்திட்டு இருந்தீங்க. அதான்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பின்னாலிருந்து தலைமையாசிரியையின் குரல் வந்தது. "ஆறாவதுலேர்ந்து ஒண்ணா உக்கார்றாங்க. அந்தச் சிரிப்பு பழகிப் பழகி ஒட்டிக்கிச்சு. வளர்ப்புன்னா வீடு மட்டும் இல்லம்மா, பக்கத்துல உக்கார்றவங்களும்தான்." மீதிப் பாடத்தை அவரே நடத்தினார். நான் தலையாட்டினேன்.

ஒரு மாதம் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தபின் வேலை நிரந்தரமானது. இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு.

எங்கள் மகள் பிறந்தபோது, வீடு நிறைய உறவினர் இருக்க, மாமியார் குழந்தையைத் தூக்கி, "மூக்கு அப்படியே என் புள்ளையோடது" என்றார்.

"அவசரப்படாதம்மா" என்றார் என் கணவர். "இவ ஒருதடவ மூக்க வெச்சுதான் பாடம் நடத்துனா. கடைசில சொந்தமே இல்லன்னு ஆயிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள், மாமியாரைத் தவிர. மகளுக்கு இப்போது ஆறு வயது. அவர் இன்னும் சிரிக்கவில்லை.