சளி பிடிக்கவில்லை

பரிசோதனைக்கூட மேலாளரும் என் மனைவியின் ஒரே தம்பியுமாகிய மைத்துனருக்கு,

இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். இங்கு அனைவரும் நலம். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. மழையில் நனையாமல்தான் இருப்பாய், என் குடை உன்னிடம்தானே இருக்கிறது.

நோயாளிகளின் சளியில் கரைசலை ஊற்றிக் குலுக்கி, நீர்க்க வைத்து, கிருமிச் சோதனைக்குத் தயார் செய்வது என் வேலையாக இருந்தது. அதைப் பிடுங்கி, தானே மூடி திறந்து தானே உறிஞ்சிக்கொள்ளும் இயந்திரத்திடம் கொடுத்தாய். சரி, கொடு. அது பேச வேண்டும் என்று யார் அழுதார்கள்? அதற்குத் தமிழ் வசனம் எழுத, பள்ளிக் கட்டுரைக்கெல்லாம் என்னிடம் வந்து நின்ற நீதானா கிடைத்தாய்? மாதிரியை உறிஞ்சிவிட்டால் "சளி பிடித்தது" என்கிறது. முடியாவிட்டால் "சளி பிடிக்கவில்லை" என்கிறது. சொன்னதோடு நிற்காமல் அதையே அறிக்கையிலும் அச்சடித்துத் தள்ளுகிறது.

போன வாரம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். அவருடைய சளி கோந்து மாதிரி. இயந்திரத்தின் மூக்கு அடைத்துக்கொண்டது. அறிக்கையைப் பார்த்த டாக்டரம்மா, "அதான் சளி பிடிக்கலைன்னு போட்டிருக்கே, தூசி இருமலா இருக்கும், வேலைக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். மனிதர் எனக்கு நன்றி சொல்ல வந்து, என் முகத்துக்கு நேரே இருமினார். அவரை உட்கார வைத்து, முகக்கவசம் மாட்டி, மறுபடி சளி வாங்கி, நானே குலுக்கிக் கரைத்து இயந்திரத்தில் வைத்தேன். "சளி பிடித்தது" என்றது அதன் பெண் குரல். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த டிரைவர், "அந்தம்மா சொன்னது கேட்டுச்சு சார், வெறும் சளிதானே? வண்டிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார். வாசல்வரை ஓடிப் பிடித்து வந்தேன். முடிவு வந்தது: காசநோய். ஒரு பஸ் நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு இருமப் போயிருப்பார்.

அவரையும் கூட்டிக்கொண்டு உன்னிடம் வந்து சொன்னேன். எல்லார் முன்னாலும் என்ன சொன்னாய்? "அத்தான், மெஷின் உங்களைவிட நல்லாப் பேசுதுன்னு பொறாமை!" எல்லாரும் சிரித்தார்கள். டிரைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஆகவே கேள். "மாதிரியை உறிஞ்ச முடியவில்லை, சோதனை நடக்கவில்லை" என்று நாளைக்கே வசனத்தை மாற்று. "பிடிக்கவில்லை" என்று அறிக்கை வாங்கிப் போன ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிடு. நீ கூப்பிடாவிட்டால் நான் வீடுவீடாகப் போய்க் கூப்பிடுவேன். கெட்டிச் சளி என் கையில் கரையாமல் உள்ளே போகாது. அதை மீறி உள்ளே போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். முடிந்தால் அந்த இயந்திரத்தை வந்த பெட்டியிலேயே போட்டுத் திருப்பி அனுப்பு.

உன் அக்கா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள். என் ஆசி, குடை வந்த பிறகு.

பின்குறிப்பு: இயந்திரத்தைத் திருப்பி அனுப்பித் தொலைக்காதே. நாள் முழுக்க மூடி திருகித் திருகி வீங்கிய என் கட்டைவிரல், அது வந்த பிறகுதான் மடங்குகிறது. இந்தக் கடிதத்தையே அந்த விரலால்தான் எழுதினேன். வசனத்தை மட்டும் மாற்று. இயந்திரத்தை நான் புகழ்ந்தது வெளியே தெரிந்தால் எனக்குத்தான் அவமானம். உனக்கு ஒரே அக்கா, அவளுக்கு ஒரே கணவன். இருந்தாலும் கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.