அறிமுகம் தேவையில்லாதவர்

மண்டபங்களில் மட்டும் வாழும் ஓர் இனம் உண்டு. பெயர் அறிமுகவுரையாளர். "இவருக்கு அறிமுகமே தேவையில்லை" என்று தொடங்குவதைக் கொண்டு இனங்காணலாம். அதன்பிறகு நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. மரியாதையல்ல.

மோர்னிங்சைட் தமிழ் நாடக விழாவில் அறிமுகவுரைக்காக அருள்நாயகம் மைக்கைத் தட்டியபோது நிஷாந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். மேடையில் அமர்ந்திருந்த பத்யா லெவனோனை அழைத்து வந்தவள் அவள்தான். ஒருகாலத்தில் டெல் அவிவ் மேடைகளைக் கட்டியாண்ட எபிரேய நடிகை இப்போது நிஷாந்தி வேலைசெய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சாவதற்குள் இன்னொரு தடவை நடிக்க வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார். இருபது நிமிடக் காட்சி. ஐந்து மணிக்குக் கூடைப்பந்துக்காரருக்கு மண்டபத்தை விட்டாக வேண்டும்.

"அண்ணை, சுருக்கமாச் சொல்லுங்கோ."

"ரெண்டே ரெண்டு நிமிசம், பிள்ளை. அவ ஆரெண்டு சனத்துக்குத் தெரிய வேண்டாமே?"

தெரியப்படுத்தினார். சிறுமியாகப் பத்யா ஹைஃபாவில் கப்பலிறங்கியதைச் சொன்னவர், தான் மொன்றியலில் விமானமிறங்கிய குளிரையும் சொன்னார். முதல் நாடகத்தில் வசனமில்லாமல் தட்டேந்தி வந்த நடிகை பின்னர் அரசிகளாகவும் தாய்மாராகவும் நாற்பது வருடம் நடித்ததைச் சொல்லப்போய், பாடசாலை மேடையில் தான் ராசாவாக நின்றபோது கழன்று விழுந்த மீசைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடினார். நேரமில்லை என்று நிஷாந்தி துண்டு எழுதி அனுப்பினாள். வாசித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார். இரண்டு விரல்களை உயர்த்தினார்.

மீசை தொடர்ந்தது.

பொன்னாடையும் போர்த்தி முடிந்தபோது வாசலில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. மிஞ்சியது மூன்று நிமிடம். நிஷாந்திக்கு அழுகை வந்தது. பத்யாவிடம் போய்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

தமிழில் ஒரு சொல்லும் தெரியாமல், ஆனால் பேச்சாளரிலிருந்து கண்ணெடுக்காமல் இருந்த கிழவி எழுந்தார். மைக்கைத் தட்டினார். செருமினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடினார். இல்லாத துண்டை வாசித்து, மடித்து, இல்லாத சட்டைப்பையில் வைத்தார். பிறகு, மிகுந்த பணிவோடு, இரண்டு விரல்களை உயர்த்தினார்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பந்தோடு நின்றவர்களும் சிரித்தார்கள். தேநீர்க் கோப்பையைப் பிடிக்க நடுங்கும் அந்தக் கை சற்றும் நடுங்கவில்லை என்பதை நிஷாந்தி மட்டும் பார்த்தாள்.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அருள்நாயகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிஷாந்தியிடம் குனிந்தார்.

"அசல் மகேஸ்வரன், பிள்ளை. போன வருச விழாவில உவன் அறிமுகவுரை பேசினதை அவ எங்க கண்டவ?"

இவ்வளவும் வாசிக்கையில் உங்களுக்கும் ஒரு முகம் வந்துபோயிருக்கும். உங்களுடையது இல்லையே?

அருள்நாயகத்துக்கும் அப்படித்தான்.